காயம்: இல்லை

எருக்கஞ்சேரி ஹைரோட்டைத் தாண்டி
கன்டெய்னர் லாரிகள் தூங்கும் சந்துக்குப் பின்னால்
ஞாயிறு காலை ஆறரை.
பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் வரிசையில் நிற்கிறார்கள்.
ஒவ்வொரு முழங்காலுக்குக் கீழும்
குனிந்து விரல்முட்டியால் தட்டுகிறேன்,
கரண்ட் கணக்கெடுக்க வந்தவள் கதவைத் தட்டுவதுபோல.
டொக் என்றால் சரி.
தொப் என்றால் அட்டை.
ஒருவன் பிஸ்கட் பெட்டியைக் கிழித்து
சாக்ஸுக்குள் சொருகியிருக்கிறான்.
"நல்லா கெட்டியாதான்க்கா கீது."
போ, யாரிடமாவது கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வா.

நகம் வெட்டாதவன். மோதிரத்தை வாயில் ஒளிப்பவன்.
தாயத்தை அவிழ்த்தால் அம்மா சோறு போடமாட்டாள் என்கிற
கீர்த்திவாசன்.
வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.
விசில் ஊதி முடியும்வரை
வருகிற பேய் என்னிடம் வரட்டும்.

கோல் கம்பத்தின் பின்கால்களில் நான்கு மணல் மூட்டை.
நானே ஒருமுறை தொங்கிப் பார்க்கிறேன்.
சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

மற்ற ஆறு நாளும் ஸ்டான்லியில்
மாவுக்கட்டு அறையில் எனக்கு வேலை.
நகக்கண்ணை விட்டுப் போகாத வெள்ளை.
அங்கிருந்து திருடி வந்த மாவில்தான்
இங்கே கோடு போடுகிறேன் என்று ஒரு வதந்தி.
பொய். இது கோலமாவு, கிலோ பன்னிரண்டு ரூபாய்.

இரண்டாம் பாதி, பதினோராவது நிமிடம்.
கீர்த்தி பந்தோடு கோட்டோரமாகப் போகிறான்.
பின்னாலிருந்து டார்வின்,
இரண்டு காலும் தரையில் இல்லாமல், ஸ்டட் தெரிய,
பிரேக் அறுந்த மீன்பாடி வண்டியாக.
கீர்த்தி துள்ளிவிட்டான்.
எப்படித் துள்ளினான் என்று அவனுக்கே தெரியாது.
புழுதி.
புழுதி அடங்கினால் உள்ளே ஒன்றுமில்லை.
விசில்.
சிவப்பு.

"டச்சே ஆவலக்கா! மேலயே படல!"
படவில்லைதான்.
டார்வினின் அப்பா கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார்.
"படாததுக்கு எதுக்கும்மா ரெட்டு?
அடிச்சாத்தானே குத்தம்?"
நல்ல கேள்வி.
கையை நீட்டிக் கயிற்றுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

மூன்று வருடம் முன்பு, இதே முனையில்,
இதேபோல் ஒன்றுக்கு
விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.
ஆட்டம் சூடாக இருந்தது. கூட்டம் கைதட்டியது.
"சின்னப் பசங்கதானே, உடும்மா" என்று யாரோ சொன்னது
நியாயமாகவும் பட்டது.
ஆறே நிமிடத்தில் அதே பையன் மறுபடி எகிறினான்.
அந்தச் சத்தம்...
இன்றைக்கும் நான் மார்க்கெட்டில்
வெண்டைக்காய் முனையை ஒடித்துப் பார்ப்பதில்லை.
முற்றலோ பிஞ்சோ, போட்டதை வாங்கி வருகிறேன்.
மறுநாள் அந்தக் காலுக்கு ஈரத்துணி சுற்றியதும் நான்தான்.
"அப்பறம் யாருக்கா ஜெயிச்சா?" என்றான்.

டார்வின் பைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து
ஜெர்சியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.
இனி இரண்டு ஞாயிறு அவனுக்கு ஆட்டமில்லை.
ஆட்டமில்லாத ஞாயிறு
அந்த வீட்டில் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.
அவன் எந்த எலும்பையும் உடைக்கவில்லை.
நான் எதையாவது உடைத்தேனா என்று
ஜீவா ஸ்டேஷன் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.
தெரியவில்லை.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அறிக்கைத் தாளை நிரப்பினேன்.
நிமிடம், நம்பர், குற்றம்.
காயம் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதி
பேனாவை எடுக்காமல் கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.
மை பரவியது.

வெளியே மெயின்ரோட்டில் கீர்த்திவாசன்.
கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்துகிறான்,
பூட்ஸ் ரெண்டும் தோளில் ஆட,
ஒன்றுமே தெரியாத இரண்டு கால்களோடு.
ஓடி, எம்பி,
ஃபுட்போர்டில் ஒற்றைக் கையில் தொங்குகிறான்.

விசிலுக்காகச் சட்டைப்பையில் கைவிட்டேன்.
தாயத்து கிடைத்தது.